ஆயுள் கூடியது; அகால மரணம் குறைந்ததா?

கோவை–திருச்சி நெடுஞ்சாலையில் பல்லடத்தைக் கடந்து காங்கயம் நோக்கிப் போகும் வழியில் இருக்கிறது பொங்கலூர். பி.ஏ.பி. எனப்படும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்ட வாய்க்கால் பாசனமும் தென்னந்தோப்பும் கறிக்கோழிப் பண்ணையும் விசைத்தறியும் கலந்த ஒன்றியம் இது. விடிந்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்கள் ஊர் ஊராக நின்று கிளம்புகிற வட்டாரம். இங்கே இன்று பிறக்கும் குழந்தை எத்தனை ஆண்டு வாழும் என்று கேட்டால் அரசின் எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. ஆயுட்காலத்தைக் கணக்கிடும் மாதிரிப் பதிவுத் திட்டம் நாட்டுக்கும் மாநிலங்களுக்கும் மட்டுமே எண் தருகிறது, மாவட்டத்துக்குக்கூடத் தருவதில்லை. ஆகவே பொங்கலூர் விசைத்தறிக்காரருக்கும் சென்னை அடையாறு அதிகாரிக்கும் ஒரே எண்தான்: 2016–20 கணக்கின்படி 73.2 ஆண்டுகள். இந்த எண் எதனால் உயர்ந்தது, இனி எதனால் உயரும், நாம் பெருமையோடு எடுத்துக்காட்டும் சுகாதாரக் குறியீடுகளுக்கும் அதற்கும் என்ன உறவு என்பதே இங்கே கேள்வி. குழந்தையையும் தாயையும் காத்த குறியீடுகள் தம் வேலையைப் பெரும்பாலும் முடித்துவிட்டன. இப்போது அகால மரணம் குடியிருப்பது முப்பதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயதில். அந்த வயதைக் கண்காணிக்கும் குறியீடும், அந்த வயதில் நிகழும் ஒவ்வொரு சாவுக்கும் பதில் சொல்லும் அமைப்பும் நம்மிடம் இல்லை. இதுதான் என் வாதம்.

முதலில் கடந்து வந்த தூரத்தைப் பார்க்க வேண்டும். 1946-ல் வெளிவந்த, போர் என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழுவின் அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவின் சராசரி ஆயுள் 27 ஆண்டுகளுக்கும் குறைவு என்று எழுதியது. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 162 பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். 1970–75-ல் தமிழ்நாட்டின் சராசரி ஆயுள் 49.6, அன்றைய இந்திய சராசரியான 49.7-ஐ ஒட்டியே இருந்தது. கேரளம் அப்போதே 62-ஐத் தொட்டிருந்தது. அதாவது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாடு சுகாதாரத்தில் சிறந்த மாநிலமாக இருக்கவில்லை. 2016–20-ல் இந்தியாவின் சராசரி 70.0, தமிழ்நாட்டினுடையது 73.2, கேரளத்தினுடையது 75.0. கேரளத்தோடு இருந்த பன்னிரண்டு ஆண்டு இடைவெளி இரண்டு ஆண்டுகளுக்கும் கீழே சுருங்கியது தற்செயலாக நடந்ததல்ல. 1939-லேயே சென்னை மாகாணத்துக்குப் பொதுச் சுகாதாரச் சட்டம் இருந்தது. மருத்துவத் துறையிலிருந்து பிரிந்த தனிப் பொதுச் சுகாதாரத் துறை இருந்தது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. 1987-ல் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி வந்தது. 1990-களின் நடுவில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இருப்பதை நம்பத்தக்க செய்தியாக்கியது. பிறகு இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் நிலையங்களும் 2008-ல் 108 ஆம்புலன்சும் வந்தன.

இவை எல்லாம் ஆயுளாக மாறியது எப்படி என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். சராசரி ஆயுள் 49.6 என்றால் அன்று எல்லோரும் ஐம்பதில் இறந்தார்கள் என்று பொருளில்லை. அன்றைய இறப்பு விகிதங்கள் அப்படியே நீடித்தால் அன்று பிறந்த குழந்தைகள் மொத்தமாக வாழக்கூடிய ஆண்டுகளைத் தலைக்கு வகுத்தால் கிடைப்பது அந்த எண். தொட்டிலில் இறக்கும் குழந்தை, தன் பங்குக்கு ஏறக்குறைய சுழியத்தைத் தந்து சராசரியைக் கீழே இழுக்கிறது. 1971-ல் தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கு 113 சிசுக்கள் இறந்தன, 2020-ல் 13. மற்ற வயதினரின் இறப்பு விகிதம் துளியும் மாறாமல் இந்த ஒன்று மட்டும் மாறியிருந்தால்கூட, அன்றைய சராசரி ஐந்து ஆண்டுக்கு மேல் ஏறியிருக்கும். ஐந்து வயதுக்குள் நிகழ்ந்த மற்ற இறப்புகளையும் சேர்த்தால் இன்னும் கூடும். முதியோர் பக்கம் பார்த்தால் இதே உண்மை மறுபுறத்திலிருந்து தெரிகிறது. 1970–75-ல் அறுபது வயதை எட்டிய இந்தியர் மேலும் 13.8 ஆண்டுகள் வாழ்வார் என்று கணக்கிடப்பட்டது. இன்று அது சுமார் 18. பிறப்பில் கூடியது இருபது ஆண்டுகள், அறுபதில் கூடியது நான்கே ஆண்டுகள். நாம் வென்றது பெரும்பாலும் வாழ்க்கையின் வாசலில்.

அந்த வெற்றிக்கு இனி நீட்ட இடம் குறைவு. இதே கணக்கை இன்றைய எண்களோடு திருப்பிப் போட்டால், நாளை முதல் தமிழ்நாட்டில் ஒரு சிசுகூட இறக்காமல் காத்தாலும் சராசரி ஆயுள் ஓராண்டுகூட முழுதாக ஏறாது. தாய் இறப்பும் அப்படியே. 2004–06-ல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 111 என்று இருந்த விகிதம் 2018–20-ல் 54 ஆனது; இந்திய சராசரி 97. மாநிலத்தில் அப்போது ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் குழந்தைகள் பிறந்தன என்று கொண்டால், ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவான தாய்மார் இறந்தார்கள் என்று பொருள். அந்த ஐந்நூறில் ஒன்றும் சின்ன இழப்பல்ல. அதே காலத்தில் கேரளம் 19-க்கு இறக்கியிருந்தபோது 54-ல் நாம் திருப்தி அடைந்திருக்கவும் முடியாது. ஆனால் 2022-ல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டு தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர்; லட்சத்துக்கு 25.9 என்ற விகிதம் தேசிய சராசரியான 12.4-ஐப் போல இரண்டு மடங்கு. இந்த இரண்டையும் கூட்டினால் பிரசவ மரணத்தைப் போல எழுபத்தைந்து மடங்குக்கு மேல் வருகிறது. இறந்தவர்களில் மிகப் பலர் உழைக்கும் வயதில் இருந்தவர்கள். சுகாதாரச் சாதனைப் பட்டியலின் முதல் வரியில் இந்த எண்கள் ஒருபோதும் இடம்பெறுவதில்லை.

இவற்றுக்கும் மேலே இருப்பவை சத்தமில்லாமல் கொல்லும் நோய்கள். 2017-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூட்டாளிகளும் மாநிலவாரியாக வெளியிட்ட நோய்ச்சுமை ஆய்வு, நாட்டின் மொத்த இறப்புகளில் 61.8 சதவீதம் தொற்றா நோய்களால் நிகழ்வதாகக் கண்டது. தொற்றுநோய்ச் சுமை குறைந்து தொற்றா நோய்ச் சுமை மிகுந்த முன்வரிசை மாநிலங்கள் என்று அது குறித்தவை கேரளம், கோவா, தமிழ்நாடு. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019–21-ல் தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம் என்று பதிந்தது. அதே கணக்கெடுப்பில் ஆண்களில் 30.2 சதவீதத்தினருக்கும் பெண்களில் 24.8 சதவீதத்தினருக்கும் ரத்த அழுத்தம் இருந்தது. ஐந்தில் ஒருவருக்கு மேல் சர்க்கரை இருந்தது. தொற்றா நோய் அபாயங்களை அளக்க 2020-ல் நடந்த மாநில அளவிலான ஸ்டெப்ஸ் ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே போய்ப் பார்த்தது. பிரஷர் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம். நூறு பேருக்கு பிரஷர் இருந்தால் ஏழு பேர் தவிர மற்றவர்கள் தமக்கு நோய் இருப்பதே தெரியாமலோ, தெரிந்தும் மாத்திரை எடுக்காமலோ, எடுத்தும் அளவு இறங்காமலோ இருந்தார்கள். பிரசவத்தில் 99.6 எடுத்த அதே மாநிலம்தான் பிரஷரில் 7.3 எடுத்தது. மருத்துவரும் மாத்திரையும் கட்டடமும் இரண்டுக்கும் பொது. வேறுபாடு எங்கே என்று கேட்பதே இந்தக் கட்டுரையின் நடுப்பகுதி.

வேறுபாடு பதில் சொல்லும் பொறுப்பில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். தமிழ்நாட்டில் ஒரு பெண் கர்ப்பம் தரித்தால் கிராம சுகாதார செவிலியர் அவரைப் பதிந்து பிக்மி எண் தருகிறார். அந்த எண் ஸ்கேனிலிருந்து தடுப்பூசி வரை, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை கூடவே போகிறது. எந்த மாதத்தில் எவ்வளவு ரத்தம், எவ்வளவு எடை, பிரசவம் எங்கே என்பதெல்லாம் ஏட்டில் ஏறுகின்றன. அவர் வராவிட்டால் நர்ஸம்மா வீட்டுக்குப் போகிறார். இவ்வளவுக்குப் பிறகும் பிரசவத்தில் அவர் இறந்துவிட்டால், அந்தச் சாவு தணிக்கைக்குப் போகிறது. எங்கே தாமதம், ஆம்புலன்ஸ் எப்போது வந்தது, ரத்தம் ஏன் கிடைக்கவில்லை என்று வரிசையாகக் கேட்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் மருத்துவர்கள் விளக்கம் தர வேண்டியிருக்கிறது. விகிதம் 111-லிருந்து 54-க்கு இறங்கியதில் மருந்தின் பங்கைப் போலவே இந்தக் கேள்விகளின் பங்கும் பெரிது. குறியீடு தானாக ஓர் உயிரையும் காப்பதில்லை. குறியீட்டுக்குப் பின்னால் ஒவ்வொரு பெயரையும் துரத்திப் போகிற ஓர் அமைப்பு நிற்கும்போதுதான் அது ஆயுளாக மாறுகிறது.

இப்போது அதே பெண்ணின் கணவரையோ அண்ணனையோ எடுத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயது, பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அல்லது பவர் டேபிள் டெய்லர். சீசன் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெளிநோயாளிப் பிரிவு நடப்பது காலையில். அவர் அங்கே வர வேண்டுமானால் அரை நாள் கூலி போக வேண்டும். பீஸ் ரேட் ஆளுக்கு அரை நாள் என்பது சனிக்கிழமைச் சம்பளத்தில் விழும் ஓட்டை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவந்தது, 2024-ல் ஐ.நா.வின் பணிக்குழு விருதும் அதற்குக் கிடைத்தது. அது வந்த பிறகு கட்டுப்பாட்டு விகிதம் கூடியும் இருக்கிறது. ஆனால் தன்னார்வலர் பகலில் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பவர்கள் பாட்டியும் தாத்தாவும்தான். நாற்பத்தைந்து வயதுக்காரர் ஓவர்லாக் மெஷின் பக்கத்தில் நிற்கிறார். இந்த இடைவெளியை உணர்ந்துதான் 2024-ல் திட்டம் தொழிற்கூடங்களுக்கும் நீட்டப்பட்டது. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிக்குள் அது நுழைய முடியும். ஐந்தாறு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் ஓட்டும் ஷெட்டுக்கும், பொங்கலூர் சுற்றுவட்டாரத்தில் வீட்டோடு ஒட்டியிருக்கும் தறிக்கூடத்துக்கும் யார் போவார்கள் என்பது இன்னும் விடை தேடும் கேள்வி.

தொழிலாளர் காப்பீடும் இதே இடத்தில்தான் இடறுகிறது. இ.எஸ்.ஐ. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்கு, மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவருக்கு உரியது. நோய்க்காலத்தில் சம்பளத்தில் 70 சதவீதம் பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். திருப்பூர்த் தொழிலின் இயல்போ கைமாறிக் கைமாறி ஓடுவது: ஆர்டர் இருக்கும் கம்பெனிக்கு ஆள் நகர்கிறார், கான்ட்ராக்ட்காரர் மாறுகிறார், பெயர் ஒரு ரோலிலிருந்து விழுந்து இன்னொன்றில் ஏறாமலே போகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவருக்கு இது இன்னும் கடினம். நோய் முற்றினால் அவர் ரயிலேறி ஊருக்குப் போகிறார். அங்கே நிகழும் சாவு அந்த மாநிலத்தின் கணக்கில் ஏறுகிறது. நூல் மில்லின் பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய். ஆனால் மில்லை விட்டு வெளியேறிப் பல ஆண்டு கழித்து மூச்சுத் திணறலில் இறப்பவரின் சான்றிதழில் அந்தப் பெயர் வருவதில்லை. இந்தியாவில் பதிவாகும் இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிப்பது 2020-ல் 22.5 சதவீதம் மட்டுமே. காரணம் எழுதப்படாத சாவிலிருந்து எந்தக் கொள்கையும் பாடம் கற்க முடியாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம் வருமானம். தொழில் வளர்ந்து கூலி உயர்ந்தால் ஆரோக்கியம் தானே வரும். திருப்பூரை ஓடவிடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பார்கள். வறுமை ஆயுளைக் குறைக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 1975-ல் மக்கள்தொகை அறிஞர் சாமுவேல் பிரெஸ்டன் நாடுகளின் வருமானத்தையும் ஆயுளையும் ஒப்பிட்டு, 1930-களுக்கும் 1960-களுக்கும் இடையில் கூடிய ஆயுளில் முக்கால் பங்குக்கு மேல் வருமான உயர்வால் விளக்க முடியாதது என்று காட்டினார். தடுப்பூசி, சுத்தமான குடிநீர், கொசு ஒழிப்பு, கல்வி போன்றவை அதே வருமானத்தில் இருந்தவர்களுக்குக் கூடுதல் ஆயுள் தந்தன. நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. தனிநபர் வருமானத்தில் கேரளத்தை முந்தும் ஹரியானாவின் சராசரி ஆயுள் 70-ஐ ஒட்டி நிற்க, கேரளம் 75-ல் இருக்கிறது. தன் உற்பத்தி மதிப்பில் ஏறக்குறைய 17 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவிடும் அமெரிக்காவின் சராசரி ஆயுள் 2022-ல் 77.5, எவ்வளவோ எளிய இலங்கை 76-ஐ ஒட்டி இருக்கிறது. பணம் ஆயுளாக மாற நடுவில் ஓர் ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் கூலி உயர்வு ஆஸ்பத்திரிச் செலவிலேயே கரைந்துவிடும். 2021–22 தேசியச் சுகாதாரக் கணக்கின்படி நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தம் கையிலிருந்து போட்டது.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. மாரடைப்பும் சர்க்கரையும் புற்றுநோயும் பெருகுவது நாம் நீண்ட நாள் வாழ்வதன் விளைவு. காலராவில் தப்பியவர் ஏதோ ஒன்றில் இறக்கத்தானே வேண்டும், இது தோல்வியாகாது என்பார்கள். எண்பத்தைந்தில் நிற்கும் இதயத்துக்கு இந்த வாதம் பொருந்தும். ஐம்பதில் நிற்கும் இதயத்துக்குப் பொருந்தாது. இந்த வேறுபாட்டைப் பிடிப்பதற்கென்றே உலக சுகாதார நிறுவனம் ஒரு குறியீட்டை வைத்திருக்கிறது: முப்பது வயதை எட்டிய ஒருவர் எழுபதை எட்டுமுன் இதய நோய், புற்றுநோய், சர்க்கரை, நாள்பட்ட நுரையீரல் நோய் ஆகிய நான்கில் ஒன்றால் இறக்கும் வாய்ப்பு. 2019-ல் அது இந்தியாவில் சுமார் 22 சதவீதம், இலங்கையில் 13, ஜப்பானில் 8-ஐ ஒட்டி. ஜப்பானியர் நம்மைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள். அப்படியும் நடுவயதில் இந்த நோய்களால் சாவது நம்மில் பாதிகூட இல்லை. ஆயுள் கூடுவதற்கு நடுவயது மரணத்தை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட ஐந்தாறு ஆண்டு முன்னதாகவே வருகிறது என்று ஐம்பத்திரண்டு நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. காரணம் பெரும்பாலும் வழக்கமான அபாயங்கள் இளவயதிலேயே சேர்ந்துவிடுவது என்றும் அதே ஆய்வு சொன்னது. தடுக்கக்கூடியவை என்று பொருள்.

நல்ல குறியீடுகள் இருந்தும் நடுவயதினர் மடிந்த வரலாற்றுக்கு ரஷ்யா உதாரணம். சோவியத் அமைப்பு விட்டுச்சென்ற மருத்துவர் எண்ணிக்கையும் படுக்கை எண்ணிக்கையும் பல பணக்கார நாடுகளுக்கு நிகரானவை. 1985-ல் கோர்பச்சேவ் மதுவுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்ததும் ஆண்களின் சராசரி ஆயுள் சில ஆண்டுகள் ஏறியது; கட்டுப்பாடு தளர்ந்து, நாடு உடைந்து, வேலை போன பின் 1994-ல் 58-க்கும் கீழே விழுந்தது. மருத்துவமனைகள் அங்கேயேதான் இருந்தன. குடியும் வேலையிழப்பும் உழைக்கும் வயது ஆண்களைக் கொண்டுபோயின. தமிழ்நாட்டில் பெண்கள் ஆண்களைவிடச் சுமார் நான்கு ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள். இயற்கை தரும் இடைவெளி ஒரு பங்கு என்றால், மதுவும் புகையும் இருசக்கர வாகன விபத்தும் மீதிப் பங்கு. ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் குடிக்கும் மாநிலத்தில், 2003 முதல் சில்லறை மதுவிற்பனை முழுவதையும் அரசு நிறுவனமே நடத்துகிறது. மதுவிற்பனை வருவாய் ஒரு துறையின் ஏட்டிலும், ஈரல் கெட்டுப் போனவரின் படுக்கை இன்னொரு துறையின் ஏட்டிலும் இருக்கும்வரை அந்த இரண்டு எண்களும் ஒரே மேசைக்கு வரப்போவதில்லை.

மூன்றாவது வாதம், இவை தனிமனிதப் பழக்கங்கள், அரசு என்ன செய்ய முடியும் என்பது. செய்ய முடியும் என்பதற்குப் பின்லாந்தின் வடக்குக் கரேலியா சாட்சி. 1970-களின் தொடக்கத்தில் உலகிலேயே அதிகமாக இதய நோயால் ஆண்கள் இறந்த இடங்களில் அது ஒன்று. 1972-ல் பெக்கா புஸ்கா தலைமையில் தொடங்கிய திட்டம் பால் பண்ணைகளையும் கடைகளையும் பள்ளிகளையும் சேர்த்து உணவிலிருந்த கொழுப்பையும் உப்பையும் குறைத்தது, புகையைக் குறைத்தது, பிரஷரைத் தேடிப் பிடித்து மருந்து தந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய் மரணம் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நமக்குப் பக்கத்திலேயே இலங்கை இன்னொரு பாடம் தருகிறது. 1995-ல் அங்கே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47-ஐத் தொட்டது. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்தார்கள். பத்தே ஆண்டில் விகிதம் பாதியானது, பிறகும் இறங்கியது. விளைச்சல் குறையவில்லை. மனித மனத்தின் துயரை ஒரு சட்டம் நீக்கிவிடாது. ஆனால் ஒரு நொடி ஆவேசத்துக்கும் சாவுக்கும் இடையில் தூரத்தைக் கூட்டும். மானோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளுக்குத் தமிழக அரசும் தற்காலிகத் தடை விதித்துப் பார்த்தது. உரக்கடையில் எதை விற்கலாம் என்பது ஆயுட்காலக் கொள்கை என்று புரிந்துகொண்டால் அந்தத் தடை தற்காலிகமாக நின்றிருக்காது.

நான்காவது வாதம் குறியீடுகளையே சந்தேகிப்பது. எதை அளக்கிறோமோ அதைக் காட்டிக்கொள்ளக் கற்றுக்கொள்வார்கள், புதிய எண்ணைச் சேர்த்தால் புதிய கண்துடைப்பு வரும் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. மருத்துவமனைப் பிரசவம் 99.6-ஐத் தொட்ட அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கியது. நூறை எட்டிய குறியீடு அதற்குமேல் எதையும் சொல்வதில்லை. அதை வைத்துக்கொண்டே இருந்தால் உண்மையான பிரச்சினையை மறைக்கவும் செய்யும். அதே கணக்கெடுப்பில் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்ததையும் பக்கத்தில் வைக்க வேண்டும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஸ்பின்னிங் மில் விடுதியில் அந்தப் பெண் என்ன சாப்பிட்டார் என்ற கேள்வி அந்தக் கட்டடத்துக்குள் எழுவதில்லை. ஆகவே தீர்வு குறியீட்டைக் கைவிடுவதில் இல்லை. எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்ற எண்ணிலிருந்து எத்தனை பேருக்கு பிரஷர் கட்டுக்குள் வந்தது என்ற எண்ணுக்கு நகர வேண்டும். எத்தனை பெட்டி மாத்திரை கொடுத்தோம் என்பதிலிருந்து, நாற்பது வயது ஆண்களில் எத்தனை பேர் விடாமல் ஆறு மாதம் அதை விழுங்கினார்கள் என்பதற்குப் போக வேண்டும். முன்னதில் ஏமாற்றுவது எளிது, பின்னதில் கடினம்.

கடைசி வாதம் புள்ளியியலாளருடையது: ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்குச் சராசரி ஆயுளைக் கணக்கிட முடியாது, மக்கள்தொகை சிறியது, எண் ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக ஏறி இறங்கும். இது சரியான எச்சரிக்கை. அதனால்தான் பொங்கலூருக்கு ஓர் ஆயுட்கால எண் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தாய் இறப்புத் தணிக்கை விகிதத்தை நம்பி நடப்பதில்லை. ஒவ்வொரு சாவாக எடுத்துக் கேட்கிறது. ஓர் ஒன்றியத்தில் முப்பதுக்கும் எழுபதுக்கும் இடையில் ஆண்டுக்கு இறப்பவர்கள் நூற்றுக்கணக்கில் எண்ணி முடிக்கக்கூடியவர்கள். கிராம நிர்வாக அலுவலரின் இறப்புப் பதிவில் அவர்கள் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. மருத்துவர் சான்று இல்லாத இடத்தில் குடும்பத்தாரிடம் கேட்டுக் காரணத்தை அறியும் வாய்வழி விசாரணையை இந்தியாவில் பிரபாத் ஜா தலைமையிலான பத்து லட்சம் இறப்பு ஆய்வு பெரிய அளவில் நடத்திக் காட்டியிருக்கிறது. ஆகவே கருவி புதிதல்ல, செய்யத் தெரியாததும் அல்ல. குடும்பத்தாரிடம் நான்கு கேள்விகள் போதும்: நோய் இருப்பது இறந்தவருக்குத் தெரியுமா, மருந்து எடுத்தாரா, கடைசியாக எப்போது யார் பார்த்தார்கள், கடைசி நாளில் எங்கே தாமதம் ஆனது. விபத்து என்றால் எந்த வளைவு, ஹெல்மெட் இருந்ததா, விபத்தில் சிக்கியவருக்கு அரசு தரும் 48 மணி நேர இலவசச் சிகிச்சை கிடைத்ததா. அந்தப் பதில்கள் மாதந்தோறும் வட்டார மருத்துவ அலுவலர், தொழிலாளர் துறை, நெடுஞ்சாலைத் துறை, காவல் துறை எல்லாரும் உட்கார்ந்திருக்கும் ஒரே மேசைக்கு வர வேண்டும்.

இதற்கு ஆகும் செலவு பெரிதல்ல. மாற வேண்டியது நேரமும் பொறுப்பும். 2022-ல் திருப்பூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மாரடைப்பும் மூளைத்தாக்கும் வந்தவரை ஏற்க இடம் இருக்கிறது. அங்கே போய்ச் சேருமுன் பத்து ஆண்டுகளில் நடக்க வேண்டியதுதான் நடக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் சுகாதார நிலையம், ஞாயிறு காலை பிரஷர் பார்க்கும் ஏற்பாடு, கம்பெனி வேன் நிற்கும் இடத்திலேயே மாத்திரை, எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் தொழிலாளியோடு கூடவே போகும் பிக்மி போன்ற ஓர் எண் ஆகியவை எல்லாம் இந்த மாநிலம் கர்ப்பிணிக்கு ஏற்கெனவே செய்து காட்டியவற்றின் மறுபதிப்புகள். ஏற்றுமதி ஆர்டர் தரும் வெளிநாட்டு நிறுவனங்கள் சாயக்கழிவைப் பற்றிக் கேட்கத் தொடங்கியதும், 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் நொய்யலைக் காக்கச் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் சேர்ந்து, முடியாது என்று சொல்லப்பட்ட கழிவுநீர்ச் சுத்திகரிப்பைத் திருப்பூரில் நடைமுறையாக்கின. ஆற்றின் உப்பளவுக்கு ஏற்பட்ட அந்தக் கட்டாயம் தொழிலாளியின் ரத்த அழுத்தத்துக்கும் ஏற்பட முடியும்.

எழுபதை எட்டும் உரிமை தாய்க்கும் சேய்க்கும் மட்டும் உரியதல்ல. 2030-க்குள் தொற்றா நோய்களின் அகால மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதாக இந்தியா ஐ.நா.வில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த வாக்குறுதி டெல்லியின் அறிக்கையில் நிறைவேறாது, இ.எஸ்.ஐ. அட்டை இல்லாத ஒரு தறிக்கூடத்தில், மாத்திரை தீர்ந்து மூன்று வாரம் ஆன ஒருவரைத் தேடிப் போகும்போதுதான் நிறைவேறும். இதுவரை நம் சுகாதார ஏடு எத்தனை பேர் பிறந்து பிழைத்தார்கள் என்று எழுதியது. அதைச் சரியாக எழுதியதால்தான் 49.6 இன்று 73.2 ஆனது. அதே ஏட்டில் இனி, எழுபதுக்கு முன் இறந்த ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரே காரணமும் பொறுப்பும் எழுதப்பட வேண்டும். மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியத்தில் தொடங்கினால் போதும். திருப்பூர் மாவட்டத்தில் அதற்குப் பொங்கலூரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. விவசாயியும் தறிக்காரரும் பனியன் தொழிலாளியும் நெடுஞ்சாலையும் ஒரே ஒன்றியத்துக்குள் இருப்பதால், இங்கே வேலை செய்யும் முறை கொங்கு வட்டாரம் முழுக்க வேலை செய்யும்.